அம்மா உலர்த்திய காபி அழுகியது இல்லை

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காபி ருசி பார்க்கும் நிகழ்ச்சியில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். முழுசாக விவரிக்க மனசில்லை. "அழுகின பழத்தைக் காயவெச்சு கால் கிலோ எழுநூறு ரூபாய்க்கு விக்கிறாங்க" என்று அங்கே வந்திருந்த ஒருவர் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அந்தக் கோப்பையில் இருந்தது எங்கள் தோட்டத்துக் காபி. அது அழுகியது இல்லை, 'நேச்சுரல்' முறையில் உலர்த்தியது.

வழக்கமாகக் காபிப் பழத்தின் தோலை உரித்து, வழவழப்பு போகும்வரை ஊறவைத்துக் கழுவி, கொட்டையை அதன் மெல்லிய உள் ஓட்டோடு காயவைப்பார்கள், அதுதான் பார்ச்மென்ட். நேச்சுரல் என்றால் பழத்தை முழுசாகவே காயவைப்பது. ஏமனிலும் எத்தியோப்பியாவின் ஹராரிலும் காலங்காலமாக இப்படித்தான். திண்டுக்கல் மாவட்டத்துத் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். கழுவுகிற அளவுக்குத் தண்ணீர் எல்லா வருசமும் ஓடையில் வராது. பழுத்ததை மட்டும் பறித்து, தண்ணீரில் மிதப்பதை ஒதுக்கி, வலைக்கட்டிலில் மெல்லிசாகப் பரப்புவோம். பகலெல்லாம் கிளறிக்கொண்டே இருக்கணும், ராத்திரி பனிக்கு மூடணும். ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு இறங்க மூன்று நான்கு வாரம் ஆகும். குவிந்து கிடந்தால் பூசணம் பிடிக்கும். அதற்குப் பெயர்தான் அழுகல். அது வராமல் காப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த வாரம் நிழல் மரங்கள் முறிந்து விழுந்துகொண்டிருந்தன. அம்மா தார்ப்பாயைப் போட்டு மூடிப் பார்த்தார், காற்று விடவில்லை. பழத்தையெல்லாம் அள்ளிவந்து கூடத்தில் பரப்பிவிட்டு அடுப்படியில் படுத்தோம். அப்படியும் பூசணம் பூத்தது. நாலு மூட்டையை நாங்களேதான் குழியில் கொட்டினோம். அழுகியதை விற்பவர்களாக இருந்தால் அன்றைக்கு ஏன் கொட்டினோம்?

"மோசமான நேச்சுரலும் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. கடைசிப் பறிப்பில் உருவின காயையும், தரையில் உதிர்ந்ததையும் ஒன்றாகக் காயவைத்து 'செர்ரி' என்று மலிவாகப் போடுவது பழைய வழக்கம். அந்தக் கெட்ட பெயரைத்தான் இன்னும் சுமக்கிறோம். குற்றம் பொறுக்கிய பழத்தில், உலர்த்துவதில் இல்லை.

விலை அதிகமா? ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். வறுக்கும்போது எடை இன்னும் குறையும். அந்தக் கால் கிலோ பாக்கெட்டுக்குள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் பழம் இருக்கிறது, ஒவ்வொன்றும் கையால் பறித்தது. காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதைக் காபி என்று காசு கொடுத்து வாங்குகிறோம், யாரும் சிரிப்பதில்லை. பழத்தை மட்டும் காயவைத்துக் கொடுத்தால் ஏமாற்றா?

ஃபில்டருக்கு ஒத்துவராது என்கிறீர்களா, சரி, பால் ஊற்றாமல் குடியுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு வருத்தமில்லை. பலாப்பழ வாசம் எல்லோருக்கும் பிடிக்கணும் என்று இல்லையே. ஆனால் அழுகியது என்று சொன்னது அம்மாவின் இரண்டு கைகளைச் சொன்னது. பழச்சாறு பட்டு, பறிப்பு முடிகிறவரை கறுத்தே கிடக்கும் கைகள்.

சித்தி மகன் அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டிவிட்டான். நேற்று போனில் அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. "இந்த வருசம் பேசாம பார்ச்மென்ட்டே போட்டுருவோமாப்பா?" என்றார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.