மொட்டை மாடில ஒரு டப்பா வைங்க

2023 டிசம்பர் 17 ராத்திரிய எங்க தூத்துக்குடி மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. மறுநாள் காலைல கணக்கு வந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ., திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்களுக்கு வருஷம் பூரா பெஞ்சாலும் 95 வராது! அங்கெல்லாம் மழைமானி இருந்துச்சு, அதனால தெரிஞ்சது. எங்க ஊர்ல மானி கிடையாது. மாடில கிடந்த பெயிண்ட் வாளி நிரம்பி வழிஞ்சது, ஆனா எத்தன மணிக்கு நிரம்புச்சுன்னு யாரும் பாக்கல, நானும் பாக்கல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

அமெரிக்கால ஃபோர்ட் காலின்ஸ்னு ஒரு ஊர், 1997 ஜூலைல வெள்ளம் வந்து 5 பேர் செத்துட்டாங்க. ஊருக்கு ஒரு பக்கம் 14 இஞ்சுக்கு மேல மழை, கொஞ்ச மைல் தள்ளி 2 இஞ்ச் கூட இல்ல. அப்புறம் விஞ்ஞானிங்க ஜனங்ககிட்ட கேட்டு, அவங்க வீட்டு வாளி டப்பால நின்ன தண்ணிய வச்சுத்தான் எங்க எவ்ளோ பெஞ்சதுன்னே கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷமே நோலன் டோஸ்கென்ங்கிற ஆராய்ச்சியாளர் கோகோராஸ்னு மழை அளக்குற ஒரு தன்னார்வலர் அமைப்ப ஆரம்பிச்சார், இன்னைக்கு ஆயிரக்கணக்கான பேர் தினமும் வீட்லயே மழை அளந்து அனுப்புறாங்க.

நம்மளும் செய்யலாம். மழைமானி வாங்க முடியலன்னா வாயும் அடியும் ஒரே அகலமா இருக்குற, அடி தட்டையான ஒரு டப்பா போதும். மரம், சுவர், தண்ணி டேங்க் பக்கத்துல வைக்காதீங்க, காத்துல சாயாம கட்டிருங்க. வானிலை மையத்துக்கு நாள் கணக்கு காலை எட்டரைக்கு எட்டரை, அதே நேரத்துல ஸ்கேல் விட்டு எத்தன மில்லிமீட்டர்னு பாத்து நோட்டுல எழுதுங்க. பேய்மழைன்னா நிரம்புறதுக்கு முன்னாடியே அளந்து கொட்டிட்டு திருப்பி வைங்க, கடைசில கூட்டிக்கலாம். மழை இல்லாத நாளும் 0னு எழுதணும், எழுதாம விட்டா மழை இல்லையா, ஆள் பாக்கலையான்னு பின்னாடி எப்படித் தெரியும்? வானிலை ரேடார் வானத்துல இருக்குற மழைத்துளிய வச்சு ஒரு உத்தேசக் கணக்குதான் சொல்லும், தரைல அளந்ததோட ஒத்துப் பாத்தாதான் அது சரியான்னு தெரியும்.

அப்புறம் வீடியோ. ஊர் பேரு, தேதி, மணி இல்லாம ஃபார்வர்ட் ஆகுற வெள்ள வீடியோவ வச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறுச்சு, எத்தன மணிக்குன்னு ஒரு போட்டோ எடுத்தா அது ஆவணம். ஆனா ஓடுற தண்ணில இறங்கி எடுக்காதீங்க, மாடில இருந்தே எடுங்க.

2023 வெள்ளத்துக் கோடு உங்க வீட்டுச் சுவத்துல இன்னும் இருந்தா, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கறதுக்கு முன்னாடி தரைல இருந்து எத்தன அடின்னு டேப் வச்சு அளந்து, தெருப் பேரோட கமெண்ட்ல போடுங்க, நான் எல்லாத்தையும் ஒரே ஷீட்ல சேர்க்குறேன்.