கதவில் ஒட்டிய காகிதம்

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை. எங்கள் ஊரின் ஒரே மளிகைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். கல்லாவில் இருந்த பெண்மணி மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திங்கட்கிழமையே பெரிய குழாய் உடைந்து அழுத்தம் விழுந்துவிட்டதாம். மறு அறிவிப்பு வரும்வரை குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாதாம். அந்த அறிவிப்பு எங்கே இருந்தது தெரியுமா? நகர அலுவலகத்தின் கதவில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரே ஒரு காகிதமாக. அந்த அலுவலகம் திறந்திருப்பது காலையில் மட்டும்.

வீட்டுக்கு ஓடினேன். குளிர்பதனப் பெட்டியில் ஐஸ் தட்டு நிறையக் கட்டிகள். அவற்றில் நான்கு குறைந்திருந்தன. மத்தியானம் என் நான்கு வயது மகள் ஆரஞ்சுச் சாற்றில் போட்டுக் குடித்தவை அவை. தட்டைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அந்தக் கட்டிகள் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு அவள் நெற்றியை எத்தனை முறை தொட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் மேற்கில், கோதுமை வயல்களுக்கு நடுவே, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் இது. என் கணவர் மருத்துவர். பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் நாடு திரும்பாமல் இங்கேயே இருக்க வேண்டுமானால், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். 1994இல் வந்த அந்த ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்கள். அப்படித்தான் எங்களைப் போன்ற பல தமிழ்க் குடும்பங்கள் பெயரே கேள்விப்படாத ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. மூன்று ஆண்டுகள் முடிந்தும் நாங்கள் போகவில்லை. 25 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இவரை விட்டால் இரவில் இன்னொருவர்தான். அதைவிட, எங்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று.

எப்படிப் பிடிக்காமல் போகும்? எதிரே வண்டி ஓட்டி வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல்களை உயர்த்தி வணக்கம் சொல்கிறார். மகள் பிறந்தபோது பதினோரு நாட்கள் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை, அத்தனை வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. முதல் குளிர்காலத்தில் எங்கள் கார் பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இரவு பத்து மணிக்குத் தன் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிட்டவர்தான் இன்றைக்கு மேயர். காசு கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். இன்றும் பனி கொட்டினால் எங்கள் வீட்டு வாசலை அவர்தான் வழித்துவிடுகிறார்.

அந்த நல்ல மனிதரிடம் ஒரு கேள்வி கேட்க இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நகர மன்றக் கூட்டம் மாதத்தில் இரண்டாவது திங்கட்கிழமை. போனேன். மடக்கு நாற்காலிகள் முப்பது போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். எழுந்து கேட்டேன்: அறிவிப்பு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள், வீடு வீடாகச் சொல்ல ஏன் ஆள் அனுப்பவில்லை, ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர்க் கட்டணம் ஏறுகிறதே, அந்தப் பணம் எந்தக் குழாய்க்குப் போனது? "கவனிக்கிறோம்" என்றார் மேயர். அடுத்த பொருளுக்குப் போனார்கள். பிறகு ஊழியர் விவகாரம் பேச வேண்டும் என்று எங்களை வெளியே அனுப்பிக் கதவை மூடிக்கொண்டார்கள். சட்டப்படி அதற்கு இடம் உண்டு, எதைப் பற்றிப் பேசப்போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், மூடிய கதவுக்குள் முடிவு எடுக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் என்றார்கள், நாற்பது நிமிடம் நடைக்கூடத்தில் நின்றோம். கதவு திறந்ததும், முடிவு ஏதும் இல்லை, கூட்டம் முடிந்தது என்றார்கள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பளமே இல்லாத மாதிரி வேலை அது, பாவம் அவர், அவரைப் போட்டு வாட்டாதே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் என்னைக் கொன்றது. நான் யாரை வாட்டினேன்? குழந்தை குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அது நன்றி கெட்டதனமா? டிராக்டர் கொண்டுவந்ததற்கு ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. அந்தக் கடனைக் குடிதண்ணீரில் கழித்துக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

நாங்கள் வந்த புதிதில் இப்படி இல்லை. ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. எட்டுப் பக்கம். பள்ளிக்கூட ஆட்டங்கள், சாவுச் செய்திகள், கோதுமை விலை, மூன்றாம் பக்கத்தில் மன்றம் என்ன செய்தது என்று ஒரு பத்தி. அதை நடத்திய மூதாட்டி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து ஓர நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் பேனாவை எடுத்தாலே மேடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வயதாகி ஓய்வு பெற்றார், வாங்கி நடத்த ஆளில்லை, மூடினார்கள். 2005இலிருந்து இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்திரிகைகள் இப்படி மறைந்துபோயின. இப்போது எங்கள் ஊர்ச் செய்தி என்றால் முகநூலில் யாரோ எழுதுவதுதான். அங்கே தொலைந்த நாய்க்குட்டிக்கு நூறு பேர் பதில் எழுதுவார்கள். வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுத மாட்டார்.

கேட்பவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இதே மாநிலம் பார்த்தது. மேரியன் என்ற ஊர், சுமார் 1,900 பேர். 2023 ஆகஸ்ட் 11 அன்று காவலர்கள் அந்த ஊர்ப் பத்திரிகை அலுவலகத்திலும் ஆசிரியர் எரிக் மேயரின் (மேயர் என்பது அவர் குடும்பப் பெயர், பதவி அல்ல) வீட்டிலும் ஒரு பெண் கவுன்சிலரின் வீட்டிலும் நுழைந்து கணினிகளையும் தொலைபேசிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆசிரியரின் தாய் ஜோன் மேயருக்கு வயது 98. தன் வீட்டுக்குள் நின்ற காவலர்களை நடைவண்டியைப் பிடித்தபடி வெளியே போகச் சொன்ன அந்த அம்மையார் மறுநாள் இறந்துபோனார். சில நாட்களிலேயே, போதுமான ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞரே சோதனை ஆணைகளைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் காவல் தலைவர் பதவி விலகினார். 2025 நவம்பரில் அந்தக் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் வருத்தம் தெரிவித்து 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதையெல்லாம் விட என் மனத்தில் நிற்பது ஒன்று: எல்லாம் பறிபோன பின்னும் ராத்திரி முழுக்க விழித்து அடுத்த வார இதழை நாள் தவறாமல் கொண்டுவந்தார்கள். அந்த ஊரிலும், இந்தப் பத்திரிகை எப்போது பார்த்தாலும் குறையே சொல்கிறது என்று சலித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். குறை சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? நிறை சொல்லத்தான் ஊரே இருக்கிறதே!

எனக்கு வாக்குரிமை கிடையாது. பச்சை அட்டை வரிசையில் எங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாது. வரி கட்டுகிறேன், தண்ணீருக்குப் பணம் கட்டுகிறேன், வாக்குச்சாவடிக்குள் போக முடியாது. போக முடிந்தவர்களும் போவதில்லை. இங்கே நகரத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில், நவம்பரில் நடக்கும். அதிபர் தேர்தலுக்கு வாசலெல்லாம் பலகை நடும் இந்த ஊர், 2025 நவம்பரில் மூன்று மன்ற இடங்களுக்கு இரண்டே வேட்பாளர்களைத்தான் கண்டது. மூன்றாவது இடத்துக்கு வாக்குச்சீட்டில் கையால் எழுதிய பெயர் ஒன்று வென்றது. வாஷிங்டனில் யார் என்ன சொன்னார் என்று காலை முழுக்கக் காபிக் கடையில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். தங்கள் காலுக்குக் கீழே புதைந்திருக்கும் குழாய்க்கு எத்தனை வயது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அறுபது ஆண்டுகளாக இங்கேயே வாழ்கிறார்களே!

கூட்டம் முடிந்த மறுநாள் காலை நகர அலுவலகத்துக்குப் போய், அரசு ஆவணங்களைக் கேட்கும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தேன். குழாய் பழுதுபார்ப்புப் பதிவேடு, ஐந்தாண்டுத் தண்ணீர்க் கணக்கு, அந்த அறிவிப்பு வந்த நேரம். மூன்று வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது: தேடி எடுக்க நேரமாகும், கட்டணம் எவ்வளவு என்று பிறகு சொல்கிறோம். சரி, சொல்லட்டும், கட்டுகிறேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன். கடைத்தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். ஓர நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.