ஸ்பைடரைப் படைத்தவர் யார்?

பிரிட்டனின் லயன் என்ற படக்கதை வார இதழில் வெளிவந்த ஸ்பைடர் தொடர், சூப்பர்மேன் புகழ் ஜெர்ரி சீகலின் படைப்பு என்று ஒரு கருத்து உண்டு. சீகல் பின்னாளில் அத்தொடரை எழுதியது உண்மையே. ஆயினும் 1965-இல் அதைத் தொடங்கி முதலிரு கதைகளை எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ராய் ஆர்டினியையும் பேராசிரியர் பெல்ஹாமையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, குற்ற உலகின் அரசனாகிவிடத் துடிக்கும் கூர்ங்காது வில்லனான ஸ்பைடர், கோவனின் கதையிலேயே முழு உருவம் பெற்றுவிட்டான். அக்கால பிரிட்டிஷ் இதழ்கள் படைப்பாளிகளின் பெயரைப் பெரும்பாலும் அச்சிடாததால், பழைய பிரதிகளைப் புரட்டிப் பயனில்லை; ஆனால், ரெபெல்லியன் என்ற பதிப்பு நிறுவனத்தின் முதல் ஸ்பைடர் மறுபதிப்புத் தொகுப்பில் படைப்பாளிகளின் பெயர்களைப் பார்த்தால் எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.