தண்ணீரின் அளவைப் பற்றியே எத்தனை நாள் சண்டை?

கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுக்களில் ஓயவே ஓயாத சண்டை, ஒருவரைத் தண்ணீரால் சபையில் சேர்க்கும் சடங்கான ஞானஸ்நானத்தைப் பற்றிய சண்டைதான். தெளிப்பா, முழுக்கா? கைக்குழந்தைக்கா, விவரம் தெரிந்த பிறகா? நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பிறந்த சில மாதத்தில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், என் தலையில் தண்ணீர் ஊற்றினார், ஞானப்பெற்றோர் எனக்காக வாக்குக் கொடுத்தார்கள். விவரம் தெரிந்து எடுக்கும் முழுக்குதான் ஞானஸ்நானம் என்கிற பெந்தெகொஸ்தே சபை நண்பர்கள் கணக்கில் அது செல்லாது.

அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு மரித்து, அடக்கமாகி, புது ஜீவனோடு எழும்புவது என்று பைபிளில் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். தாமிரபரணியில் முழுக்கு கொடுப்பதைப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். வெள்ளை உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரைப் பாஸ்டரும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மல்லாக்கச் சாய்ப்பார்கள். ஒரு நொடி முகம் தண்ணீருக்குள் காணாமல் போகும். திணறி எழும்பும்போது கரையில் பாட்டும் கைத்தட்டலும். இதற்கு முன்னால் எங்கள் மூன்று கைத் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆதிச் சபையின் கையேடான திதாக்கே என்ன சொல்கிறது? ஓடுகிற தண்ணீரில் கொடு. இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு. இரண்டுமே இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. அவ்வளவுதான். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்த ஞானஸ்நானமும் எடுக்காமலேதான் பரதீசுக்குப் போனான்.

எனக்கு உறுத்துவது வேறு. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 நம் பிரசங்கிமாருக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் தொடுவதில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்கிறது அது. அந்தப் பேதம் போவதே ஞானஸ்நானத்தில்தான் என்கிறார் பவுல்.

நம் ஊரில் போனதா? திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம். சரி, அதே வடக்கன்குளத்தில் அடுத்த நூற்றாண்டில் என்ன கட்டினார்கள் தெரியுமா? வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம் உட்கார இரண்டாகப் பிரிந்த தேவாலயம். நடுத்தடுப்பை 1910 வாக்கில் எடுத்தபோது, திரும்ப வைக்கச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். அத்தனை பேரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்!

இன்றைக்குத் தடுப்பு கல்யாண விளம்பரத்தில் இருக்கிறது. “இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்ற மணமகள் தேவை.” அடுத்த வரியில் சாதி, சில சமயம் உட்பிரிவும். எங்கள் சி.எஸ்.ஐ. ஆட்களும் இதில் யோக்கியமில்லை. சபைத் தேர்தல் வந்தால் எந்தக் கூட்டம் யாருக்கு ஓட்டுப் போடும் என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

ஆகவே, “பிரதர், நீங்க எடுத்தது செல்லாது” என்று என்னிடம் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையனுக்குப் பெண் பார்க்கும்போது, ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையா என்று மட்டும் கேளுங்கள், சாதியைக் கேட்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த அன்றைக்கே நான் ஆற்றில் இறங்கத் தயார்.