கூட்டத்தைப் பார்த்து ஏரியைப் படியுங்கள்

நீண்ட விடுமுறை முடிந்து தூண்டில் போடும் நண்பர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். “புது ஏரின்னு ஆசையாப் போனோம். எங்க பார்த்தாலும் ஜனம், படகுச் சத்தம், பிள்ளைங்க கும்மாளம். ஒரு கொத்துகூட இல்லை.” கூட்டம் மீனை விரட்டிவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஏரியை விட்டு மீன் எங்கே போகும்? கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கும், பாசிக்குள் ஒதுங்கும், இரை எடுக்கும் நேரத்தை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஏரிக்குப் போகிறவருக்கு விடுமுறைக் கூட்டம் பெரிய உதவி. ஆளில்லாத கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர்ப் பரப்பு மட்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே சேறு என்று எதுவும் பிடிபடாது. நாலு பேர் தண்ணீரில் இறங்கிவிட்டால் அத்தனையும் வெளியே தெரிந்துவிடும்.

குழந்தைகள் குளிக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தரை கெட்டி, மணலோ சரளையோ, சரிவும் மெதுவானது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே போன ஒருவர் சட்டென்று நீந்த ஆரம்பிக்கிறார் என்றால் அந்த இடத்தில் தரை இறங்குகிறது. அந்த விளிம்பை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கரையேறிய பிறகு மீன் மேய வரும் வழி அது. மோட்டார் படகுகள் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் போனால் அந்தத் தடத்தில் ஆழம் இருக்கிறது. திறந்த நீரில் காரணமே தெரியாமல் எல்லாப் படகும் ஓரிடத்தைச் சுற்றி வளைந்து போனால், அடியில் மேடோ பாறையோ மூழ்கிய மரமோ கிடக்கிறது என்று பொருள். ஏரியை நன்றாக அறிந்தவர்கள்தான் அப்படி வளைப்பார்கள். அவர்களிடம் வாய் திறந்து கேட்காமலே உங்களுக்கு அந்தத் தகவல் கிடைத்துவிடுகிறது.

இதையெல்லாம்விட முக்கியம், யாருமே போகாத இடம். கோரை மண்டிக் கிடக்கும், கால் வைத்தால் சேறு, துண்டு விரிக்கக்கூட இடமிருக்காது. ஜனம் வேண்டாமென்று ஒதுக்கிய அந்த மூலைதான் பெரும்பாலும் மீனுக்குப் பிடித்த மூலை. அங்கே நிழல் உண்டு, பூச்சி உண்டு, சின்ன மீன் ஒளிய இடம் உண்டு. அதைத் தின்ன வரும் பெரிய மீனும் உண்டு.

அதனால் புது ஏரியில் முதல் ஒரு மணி நேரம் தூண்டிலை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நடங்கள், பாருங்கள். பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. வண்டியை நிறுத்திய இடத்துக்கு நேர் எதிரே கோலை ஊன்றிவிட்டு, கடிக்கவில்லை என்றதும் இரையை மாற்றுவார்கள், முள்ளை மாற்றுவார்கள், இடத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள். வண்டி நிறுத்த வசதியான கரையில்தான் அத்தனை பேரும் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் நடக்கத் தயாராக இருந்தால் ஏரியில் பாதி உங்களுக்கு மட்டும்தான்.

இடம் பார்த்தாயிற்று என்றால் அடுத்தது ஆழம். இதற்குக் கருவி எதுவும் அவசியமில்லை. முள் இல்லாமல் ஈயக் குண்டை மட்டும் தூண்டில் நரம்பில் கட்டி வீசுங்கள். குண்டு தண்ணீரைத் தொட்டதிலிருந்து நரம்பு தளரும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். பிறகு மெதுவாக இழுங்கள், ஆள்காட்டி விரல் நரம்பின்மேல் இருக்கட்டும். சரளைமேல் வந்தால் ‘டிக் டிக்’ என்று விரலில் தட்டும். சேற்றில் வந்தால் தட்டல் எதுவும் இருக்காது, ஒரே கனமாக வழுக்கிக்கொண்டு வரும். பாசியில் வந்தால் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சேறும் சரளையும் சேரும் கோடு, பாசி முடியும் விளிம்பு, எண்ணிக்கை திடீரென்று கூடும் பள்ளம் – இந்த மூன்றில் ஒன்று கைக்குச் சிக்கினாலும் போதும், அன்றைக்கு அங்கேயே உட்காரலாம். எனக்கு மீன் பிடிப்பதைவிட இந்த வேலையில் ஆர்வம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். கண்ணால் பார்க்க முடியாத தரை விரல் நுனியில் தெரிய வருவது எத்தனை முறை செய்தாலும் அலுக்காத ஒன்று.

ஆழம் என்றதும் ஏரியின் நட்டநடுப் பள்ளத்தைத் தேடி ஓட வேண்டாம். வெயில் காலத்தில் ஆழமான ஏரிகளில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். சூடான, கனம் குறைந்த நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே. இரண்டும் எளிதில் கலக்காது. சத்து மிகுந்த, பாசி அதிகமான ஏரிகளில் அடியில் அழுகும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேலிருந்து புதிதாக வந்து சேரவும் வழியில்லை. ஆக, குளிர்ச்சியாக இருந்தும் மீனால் அங்கே தங்க முடியாது. மேல்நீர் முடிந்து குளிர்நீர் தொடங்கும் அடுக்கை ஒட்டித்தான் அது அலையும். அந்த அடுக்கு கரைச் சரிவை எங்கே தொடுகிறதோ அங்கே இரையை இறக்குங்கள்.

காற்றையும் கவனியுங்கள். நாள் முழுக்க ஒரே திசையில் அடித்தால், மேல்நீரும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும் எதிர்க்கரையில் போய்ச் சேரும். அவற்றின் பின்னால் பொடி மீன், பொடியின் பின்னால் பெரிசு. அலையடிக்கும் கரையில் உட்கார யாருக்கும் பிடிக்காது, முகத்தில் காற்று அறையும், வீசுவதும் சிரமம். விடுமுறை நாளில் அந்தக் கரை காலியாகக் கிடக்க அதுவே காரணம். நான் போவதும் அங்கேதான்.

சத்தம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் போகும், காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கெண்டை, கெளுத்தி இனங்களுக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி உண்டு, அதனால் அவற்றுக்குக் கேள்விக்கூர்மை அதிகம். போதாததற்கு உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு, நீரின் சிறு அதிர்வையும் உணரும். ஆனால் நான் பார்த்தவரை, தொலைவில் விடாமல் உறுமும் எஞ்சினுக்கு மீன் பழகிவிடுகிறது. பக்கத்தில் திடீரென்று கேட்கும் ‘தொம்’ சத்தம்தான் அதைக் கலைக்கிறது. பெட்டியைக் கரையில் போடுவது, குதித்து இறங்குவது, கல்லைப் புரட்டுவது எல்லாம் அந்த ரகம். நடுஏரிப் படகைத் திட்டிக்கொண்டே காலடியில் பெட்டியைப் போட்டு உடைப்பதில் என்ன நியாயம்? நிமிர்ந்து நிற்பதும் அப்படியே. தன் கண்ணிலிருந்து மேல்நோக்கி விரியும் சுமார் 97 பாகைக் கூம்பு வழியாகத்தான் மீன் வெளியுலகைப் பார்க்கிறது. விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, குனிந்து உட்கார்ந்தால் நீங்கள் அதன் கண்ணில் படுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

நேரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கூட்டம் எழும் முன் விடியலிலும், படகுகள் கரை சேர்ந்த பின் அந்தியிலும் போடுங்கள். உச்சி வெயிலில் நிழலில் படுத்துத் தூங்குங்கள்.

மனிதர்கள் விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறை நாளில் ஏரி எல்லாருக்கும் பொது. குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் ஒருநாளும் வீசக்கூடாது, அங்கே எத்தனை பெரிய மீன் துள்ளினாலும் சரி. முள் குத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் நரம்பைக் குறுக்கே வெட்டாத தூரம் தள்ளிப் போங்கள். போகிற வழியில் ஒரு வார்த்தை பேசுங்கள். “ஐயா, நான் இந்த ஏரிக்குப் புதுசு. இங்கிட்டு உட்கார்ந்தா உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?” என்று கேட்டால் போதும். என்ன மீன் கிடைக்கும், எந்த இரை என்று எடுத்த எடுப்பில் துருவ வேண்டாம். மரியாதையாக இடம் கேட்ட ஆளுக்கு, சிறிது நேரத்தில் அவரே சொல்லுவார். “அந்தப் பட்ட மரத்துக்கு வலப்பக்கம் போடு தம்பி, இடப்பக்கம் போட்டா முள்ளு போச்சு” என்பது மாதிரியான ஒரு வரி எந்த வரைபடத்திலும் கிடைக்காது. உரிமம், பிடிக்கக்கூடாத காலம், அளவு வரம்பு ஆகியவை ஏரிக்கு ஏரி மாறும். கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். தெரியாது என்பது அங்கே சாக்காகாது.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது, கூட்டம் கலைந்தபின் கரையில் கிடக்கும் நரம்புச் சிக்கல்தான். பறவைகளின் காலில் சுற்றும், மக்கவே மக்காது. ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் நஞ்சேறிச் செத்ததால்தான் பிரிட்டன் 1987-இல் தூண்டிலுக்கான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. ஈயமில்லாத குண்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பிடித்ததை விட்டுவிடும் பழக்கம் உள்ளவர்கள் வெயில் காலத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். போராடிக் களைத்த மீனுக்கு மூச்சுத் திணறும் வேளையில், அதைத் தூக்கிப் பிடித்து ஆளாளுக்குப் படம் எடுப்பது கொடுமை. கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். தண்ணீர் மிகவும் சூடாக இருந்தால், சாப்பிடத் தேவையானது கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள்.

புது ஏரிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கட்டாயம் செய்ய வேண்டும். போன ஏரியின் தண்ணீரை இந்த ஏரிக்குக் கொண்டு வராதீர்கள். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி என்ற சின்னச் சிப்பி இனம் 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்டது. சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரோடு வந்தது, பிறகு படகோடு படகாக ஏரி ஏரியாகப் பரவிவிட்டது. அதன் இளம் உயிர் கண்ணுக்கே தெரியாது. படகு, வலை, காலணி எல்லாவற்றையும் கழுவி, தேங்கிய நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரி. மிச்ச இரையைத் தண்ணீரில் கொட்டாமல் திரும்ப எடுத்துப் போங்கள்.

அடுத்த விடுமுறைக்கு எந்த ஏரி நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நீங்கள் இதுவரை போகாத ஏரி எதுவானாலும் நல்லதுதான். ஒரு சின்ன நோட்டு கொண்டு போங்கள். காற்றுத் திசை, நீந்துபவர்கள் தரை இழந்த இடம், படகுகள் வளைந்த இடம், குண்டு இறங்கிய எண்ணிக்கை எல்லாவற்றையும் அன்றே எழுதிவிடுங்கள். அதே ஏரிக்கு இரண்டாம் முறை போகும்போது நேரே போய் உட்கார இடம் தெரிந்திருக்கும்.