ஆன்லைன் மேல் பழி போடாதீர்கள்

கடலூரில் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர் ஷட்டரை இறக்கினால் போதும், "எல்லாம் ஆன்லைனால வந்த வினை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் மாசம் பிறந்தால் மளிகைக் கடையில் கால் வைக்க இடமில்லை. ஜனம் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரே முதலாளி பல ஊரில் கிளை போட்ட சங்கிலிக் கடைகளில்தான் சரக்கு இல்லை.

ஏன் இல்லை? கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்குச் சப்ளை செய்யும் ஏஜென்சிக்காரர் இறக்கும் சரக்குக்கு 15 நாள், 21 நாள் கடன். சரக்கோ ஒரு வாரத்தில் விற்றுக் காசாகிவிடும். இடையில் கல்லாவில் நிற்கும் அந்தப் பணம் முதலாளியுடையது அல்ல. அதை எடுத்துத்தான் நெய்வேலியில் ஒரு கிளைக்கு அட்வான்ஸ், பண்ருட்டியில் ஒரு கிளைக்கு ரேக்கும் ஏசியும். புதுக் கிளைக்கும் கடனில் சரக்கு வருவதால் பணம் இன்னும் புரளும், பார்க்கிறவர்களுக்கு வளர்ச்சியாகத் தெரியும். விற்பனை கொஞ்சம் படுத்தால் 21 நாள் 60 நாளாகும். "பழைய பில்லை முடிங்க, அப்புறம் லோடு" என்று ஏஜென்சிக்காரர் நின்றுவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. கம்பெனிக்கு அவர் பெரும்பாலும் முன்பணம் கட்டித்தான் எடுக்கிறார்.

சுபிக்ஷா என்ற மளிகைச் சங்கிலி 1997-ல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடை. 2008-ல் நாடு முழுக்க சுமார் 1,600. 2009 தொடக்கத்தில் எல்லாம் மூடல்: சம்பள பாக்கி, வாடகை பாக்கி, சப்ளையர் பாக்கி. காவலுக்கு ஆளில்லாமல் பல கடைகள் சூறையாடப்பட்டன. இதைப் பார்த்த பிறகும் நம்ம பக்கத்து முதலாளிகளுக்கு உறைக்கவில்லையே!

சரிவு ரேக்கிலேயே தெரியும். முதலில் காணாமல் போவது வேகமாக ஓடும், லாபம் குறைந்த சரக்கு: குழந்தை உணவு, பிராண்டட் எண்ணெய், சோப்பு. இந்தக் கடையை நம்பி அந்த ஏஜென்சிகள் இல்லை, அதனால் பாக்கி நின்றதும் முதலில் நிறுத்துவது அவைதான். முன்வரிசை பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், பின்னால் வெறும் தகடு. ரேக் முழுக்க ஒரே பினாயில். ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் மேலே கல்லுப்பு மாதிரி பனி. கரண்ட் போனபோது டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டர் போடவில்லை, உருகி மறுபடி உறைந்திருக்கிறது. சொந்த பேக்கிங் பருப்பில் ஸ்டிக்கர் தேதி நேற்று, உள்ளே வண்டு. பழைய மூட்டைக்குப் புதுத் தேதி! இது நஷ்டம் இல்லை, அயோக்கியத்தனம். பாக்கெட்டையும் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள்.

வயிறு எரிவது கவுண்டரில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்காகத்தான். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது? சம்பளத்தில் பிடித்த பிஎஃப்பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மத்திய அரசின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள் அம்மா. கட்டாமல் விட்டது தெரிந்தால் கடை திறந்திருக்கும்போதே பிஎஃப் ஆபீஸில் புகார் எழுதிக் கொடுங்கள்.

இப்படிச் சரியும் கடையில் தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். பாயின்ட், கூப்பன் இருந்தால் இந்த வாரமே அரிசியாக மாற்றிவிடுங்கள். கம்பெனியைக் கலைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிட்டால், அடமானம் வாங்கிய வங்கியெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் கூப்பன் பக்கம் யாராவது திரும்புவார்கள்.