"ம்" போட்டதுக்கும் பிரின்ட் வேணுமாம்

தங்கச்சிக்கு லண்டன் மாப்பிள்ளை. அட்டனில் கலியாணப் பதிவு முடிந்தது, இனி விசா. 2024 ஏப்ரலில் கூட்டிய கணக்குப்படி அவர் வருடத்துக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்டணும். அது அவர் பாடு. இவளுக்கு ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஆங்கிலப் பரீட்சை, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை. அதுவும் போகட்டும். உறவு உண்மைதான் என்று நிரூபிக்கணுமாம்! அதுக்கு இரண்டு பேரும் போனில் அனுப்பிய மெசேஜ்களைப் பிரின்ட் எடுக்கணுமாம்.

"சாப்பிட்டீங்களா?" "ம்." "என்ன கறி?" "பருப்பு."

இதைப் பிரின்ட் போடக் கொடுத்தால் கடைத் தம்பி வாசித்து வாசித்துச் சிரிக்கிறான். சோடியாக எடுத்த படமும் வேணுமாம். இருக்கிற எல்லாப் படத்திலும் நடுவில் பெரியம்மா. பதிவுக்கு முன்னாடி இரண்டு பேரையும் தனியாக நிற்க எங்கள் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் யார் விட்டது? அதையும் கடிதமாக எழுதி விளக்கச் சொல்கிறார் ஏஜென்ட். விஷயம் தெரிந்ததிலிருந்து பெரியம்மா என்னோடு பேசுவதில்லை.